கரி பிடித்த தகடு

— என்னங்க, சிங்க்ல ஒரு கிண்ணத்துல கறுப்புத் தகடு ஊறப் போட்டிருந்தேனே, எங்க?

— முதல்ல பல்லைத் தேய்ச்சுட்டு வாங்க, இன்ஜினியரம்மா.

— விளையாடாதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்.

— உள்ளங்கை அகலத்துல, ஓட்டை ஓட்டையா ஒரு தட்டு, அதானே? கழுவி, பாத்திரக் கூடையில கவுத்து வெச்சிருக்கேன். நீ எதையோ தீய்ச்சுட்டு, எனக்குத் தெரியக் கூடாதுன்னு ஊற வெச்சிருக்கேன்னு நினைச்சேன்.

— ஐயையோ, தேய்ச்சீங்களா?

— தேய்க்காம? நான் தேய்ச்ச பாத்திரத்துல முகம் பார்த்துப் பொட்டு வெச்சுக்கலாம்னு உங்க அம்மாவே சொல்லியிருக்காங்க.

— எதால தேய்ச்சீங்க?

— கம்பி நாரால.

— தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களே!

— ஒரு தட்டுக்கா இந்தப் பாடு? இரு, எடுத்துட்டு வரேன்.

— வேண்டாம், அதை என் கண்ணுல காட்டாதீங்க. அது தட்டு இல்ல, தகடு. அந்தக் கறுப்பு கரி இல்ல, நான் பூசின பூச்சு. மெல்லிசா பூசி, சூளையில சுட்டு, ஆற வெச்சு, மறுபடியும் பூசி... உப்புத் தண்ணியில அதை வெச்சு கரண்ட் விட்டா, தண்ணியே கிருமியைக் கொல்லும். ஆபரேஷன் ரூம் தரையை அதாலதான் கழுவுறாங்க. பூச்சு போனா ஒண்ணுக்கும் உதவாது.

— அட, நான் சட்டை தைக்கிறவன். எனக்கு என்ன தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— உங்க குறட்டைக்கு நடுவுல எங்க சொல்றது? போன தடவை என் பூச்சு உதிர்ந்து தண்ணியில மிதந்துது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா முகம் கொடுத்தே பேசல. இன்னொரு தடவை உதிர்ந்தா, அந்தத் தண்ணி தயாரிக்கிற என் மெஷினையே திருப்பி அனுப்பிடுவேன்னுட்டாங்க. அதான் பதத்தை மாத்தி, சூட்டை மாத்தி, இந்த ஒண்ணே ஒண்ணைச் செஞ்சேன். ராத்திரி முழுக்க ஊறியும் தண்ணி தெளிவா இருக்கான்னு பார்க்க வெச்சேன். அந்தத் தண்ணியாவது இருக்கா?

— செடிக்கு ஊத்திட்டேன்.

— உப்புத் தண்ணியையா?

— செடிகிட்ட நானே மன்னிப்புக் கேட்டுக்கறேன்.

— எனக்குச் சிரிப்பு வரல, அழுகைதான் வருது. போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன்.

— அழாதடி. இரு, போனை வை. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவியேன்னுதான் வாயைத் திறக்கல.

— இன்னும் என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?

— ரெண்டு கம்பி நார் தீர்ந்து போச்சு. விரல் தோல் உரிஞ்சு ஊசி பிடிக்க முடியல, பாரு. அப்படித் தேய்ச்சும் அந்தக் கறுப்பு ஒரு பொட்டு கூட விடல. தோத்துப் போய்தான் கவுத்து வெச்சேன்.

— நகருங்க, நான் பார்க்கறேன்... ஆமாங்க! அப்படியே இருக்கு!

— இன்னும் கோபமா?

— எந்திரிங்க, நல்ல சட்டையா மாட்டுங்க. டாக்டரம்மாகிட்ட இந்தத் தகட்டோட உங்க விரலையும் காட்டணும்.