முதுகு காட்டி உட்கார்ந்த கோச்

“...பந்து மதிலத் தாண்டி ரோட்டுல வுழுந்திருக்கும்மா! ரோட்டுல! மாட்டு வண்டி அதும்மேல ஏறிப் போவுது. அதுக்கும் அவுட்டுங்கறான் அந்த அம்பயரு. அவன்லாம் ஒரு மனுசனா? நீயே சொல்லு.”

இந்த மனிதர் எப்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தார் என்பதே அவளுக்குத் தெரியாது. டைப்ரைட்டிங் பரீட்சை எழுதிவிட்டு, பெண்கள் பள்ளி மைதானத்துக்கு எதிரே இருந்த நிழற்குடையில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். விரலெல்லாம் வலித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பேச்சு தொடங்கியது, அதுவும் நடுவிலிருந்து.

நாற்பத்தைந்து வயது இருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, வெள்ளை பனியன், டயர் செருப்பு, கழுத்தில் ஒரு விசில். எல்லோரும் ரோட்டைப் பார்த்து உட்காரும் பெஞ்சில் அவர் மட்டும் ரோட்டுக்கு முதுகைக் கொடுத்து, அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவள் கைப்பையை மடிக்கு மாற்றிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தாள்.

“பயப்படாதம்மா. நான் ஒன்னப் பாக்கல. அந்தப் பக்கம் பாக்கக் கூடாது, அதான் இந்தப் பக்கம் பாக்கறேன். இந்தப் பக்கம் நீ கீற, நான் இன்னா பண்றது? நான் ராஜமாணிக்கம். மண்டிகிட்ட சாக்குக் கடை. கிழிஞ்ச கோணிய வாங்கித் தச்சி விக்கறது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதோ உள்ள ஆடுதே சாஃப்ட்பால் டீமு, அதுக்கு நான்தான் கோச்.”

அவருடைய தோளுக்கு மேலாக மைதானம் தெரிந்தது. மதில் இடுப்பளவுதான். நீலப் பாவாடைக்குள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிய ஒன்பது பெண்கள் மட்டையைச் சுற்றி நின்றிருந்தார்கள். எதிர் டீம் செய்யாற்றிலிருந்து வந்தது, அதற்குத் தனிச் சட்டையே இருந்தது.

“கோச்சு மைதானத்துல இல்லாம பஸ் ஸ்டாப்புல இன்னா பண்றான்னு பாக்கறியா? வரேன், வரேன். மொதல்ல இந்த வெளையாட்டத் தெரிஞ்சுக்கோ. கஷ்டமே இல்ல. ஒர்த்தி பந்து போடுவா. இன்னொர்த்தி மட்டையால அடிப்பா. அடிச்சிட்டு நாலு மூலையையும் தொட்டுக்கினு ஒரு சுத்து ஓடியாரணும். வந்துட்டா ஒரு ரன்னு. அவ்ளோதான். மூலைக்கு மூலை ஒரு சாக்குத் திண்டு போட்டிருக்கும், அதுக்குப் பேரு பேஸு. அந்த நாலு பேஸும் என் கை வேலைம்மா. மல்லாட்டைய உரிச்ச தோலு அடைச்சி, ரெட்டைத் தையல். அத குடுத்ததுலதான் வந்துது வெனை. பேஸ் குடுத்த நீங்களே கோச்சாவும் இருங்கன்னுட்டாங்க பள்ளிக்கூடத்து எச்செம்மு அம்மா. ஏன்னா வெளையாட்டு சொல்லிக்குடுத்த சரோஜா டீச்சருக்கு ஜூன் மாசம் டிரான்ஸ்பர். அந்த எடத்துக்கு ஆள் வரல. வராது. வந்தா பாக்கலாம்.

“போன வருஷம் சரோஜா டீச்சர் டீமு கப்பு வாங்கிச்சி. அத நான் இல்லன்னு சொல்லல. ஆனா இந்த வருஷம் டீம்ல மிச்சம் யாரு? ரெண்டு பேரு பன்னெண்டாவது முடிச்சிட்டாங்க. மூணு பேருக்குக் கல்யாணம். ஒர்த்தி போளூருக்கு வூடு மாத்திக்கினு போயிட்டா. மிச்சம் என் பொண்ணு ரேணு. ரேணுகாம்பாள். பத்தாவது படிக்கறா. அப்பறம் அந்த எல்லம்மா. மத்தது அத்தினியும் புதுசு. பாஞ்சாலைன்னு ஒண்ணு கீது, பந்து வந்தா கண்ண மூடிக்கும். மூடிக்கினே புடிச்சிடும், அது வேற விஷயம். இதுங்கள வெச்சிக்கினு நான் ஒரு டீமைக் கட்டறேன், தெனம் சாயங்காலம், கடைய சரசுகிட்ட வுட்டுட்டு. சரசு என் சம்சாரம். அவ கேக்கறா, கோணி தைக்கற உனுக்கு விசிலு எதுக்குன்னு. பதிலு சொல்ல முடியுமா அதுக்கு?”

உள்ளே ஒரு கூச்சல் எழுந்தது. அவர் சட்டென்று கழுத்தைப் பாதி திருப்பி, யாரோ அறைந்தது போல் மறுபடி அவள் பக்கமே திரும்பினார்.

“யாரு கத்தறது? செய்யாறா? ம்... செய்யாறுதான். நம்ம புள்ளைங்க கத்துனா கீச்சுன்னு இருக்கும். எவ்வளோ எடுத்திருப்பாங்க? வேணாம், சொல்லாத. மொத மேட்ச்சு போளூரு, பத்தொம்போதுக்கு ஜீரோ. ரெண்டாவது ஆரணி, இருவத்தி மூணுக்கு ஜீரோ. மூணாவது பதினொண்ணுக்கு ஜீரோ. கம்மியாயிருக்குல்ல? முன்னேத்தந்தான அது? மழ வந்து பாதியில நின்னுபோச்சின்னு எல்லாரும் சொல்றாங்க. மழ அவங்களுக்கும்தான பெஞ்சிது!

“ஜீரோ எப்டி வரும், அதச் சொல்லு. அடிக்கத் தெரியாதா? என் ரேணு அடிப்பா பாரு, மட்டையில பட்டா சத்தம் மண்டி வரைக்கும் கேக்கும். எல்லா மேட்ச்சுலயும் அடிச்சோம். அடிச்சி, ஓடறோம். ஓடி முடிக்கறதுக்குள்ள அந்த வேலூர் அம்பயரு கைய இப்டி மேல தூக்கிடறான். அவுட்டு. அவுட்டு. அவுட்டு. ஒரே கை வலிக்காதா அவனுக்கு? ஆரணி மேட்ச்சுல மூணாவது பேஸ்கிட்ட நின்னுதே ஒரு பொண்ணு, நம்ம எல்லம்மா நேரா அதுகிட்ட ஓடறா. அது பயந்துபோயி, அக்கா இங்க எங்கக்கா வர்றீங்கன்னு கேக்குது!”

அவள் நெற்றியைச் சுருக்கினாள். எந்த ஊர் ஆட்டமானாலும் ஒன்றுக்குப் பிறகுதானே இரண்டு, மூன்று?

“நீயும் மூஞ்ச அப்டி வெக்கிறியே! ஆமா, மூணாவது பேஸுக்குத்தான் மொதல்ல ஓடுவோம். மூணு, ரெண்டு, ஒண்ணு, வூடு. இதுல இன்னா தப்பு? கேளு. நீ எந்த ஊரு? கீழ்பென்னாத்தூரா? அப்ப பௌர்ணமிக்கு மலை சுத்தியிருப்ப இல்ல? எப்டி சுத்துவ? மலை வலது கைப் பக்கம் இருக்கணும். பொறந்த கொழந்தைக்குத் தெரியும் இந்த ஊர்ல. சாமிய சுத்தினாலும் வலம், மரத்த சுத்தினாலும் வலம். எடமா சுத்தறது எதுக்கும்மா? கொள்ளிக்கொடம் தூக்கறவன் சுத்துவான். வயசுப் பொண்ணுங்கள, ஒம்போது பேர, கால்ல செருப்பு கூட இல்லாம, தெனம் சாயங்காலம் வெளக்கு வெக்கற நேரத்துல எடமா ஓட வுடறாங்களே, இது அடுக்குமா?

“சரோஜா டீச்சர் அப்டித்தான் எடமா ஓட வுட்டாங்க. இன்னா ஆச்சி? கேப்டன் பொண்ணுக்கு மஞ்சக்காமாலை. ஒர்த்தி கணக்குல பெயிலு. டீச்சருக்கே டிரான்ஸ்பர். கப்பு வந்திதேன்னு கேப்ப. கப்பு வந்திது. நான் இல்லன்னு சொன்னனா?

“அதான் நான் வந்த மொத நாளே மாத்திட்டேன். பந்து போடற பொண்ணு நடுவுல நிக்குதா, அதான் மலைன்னு நெனச்சிக்கோங்கடி, மலை எப்பவும் வலது கைப்பக்கம் இருக்கணும்னு சொன்னேன். பளிச்சுன்னு புடிச்சிக்கிச்சிங்க. எந்தப் புள்ளையும் தடுமாறல. கற்பூரம் ஏத்தி ஓட்டம் பழக்கினேன். அம்பயரு ரூல் புக்க எடுத்துக் காட்டறான், படம் போட்டு அம்புக்குறி போட்டிருக்குதாம். அத எந்த ஊர்க்காரனோ போட்டது, அவனுக்கு இன்னா தெரியும்? சரி, நம்பர்தான ஒனக்குப் பிரச்சனைன்னு, நானே சாக்பீஸ் எடுத்துக்கினு போயி மூணுன்னு இருந்த சாக்குல ஒண்ணுன்னும், ஒண்ணுன்னு இருந்ததுல மூணுன்னும் எழுதிட்டேன். என் சாக்குதான! அவன் ஈரத்துணி கொண்டாந்து அழிக்கறாம்மா. எழுத எழுத அழிக்கறான். ஒரு மனுசனுக்கு இவ்வளோ பிடிவாதம் ஆவுமா?”

பஸ் வருகிறதா என்று அவள் எட்டிப் பார்த்தாள். ஒரு டிராக்டர் வந்தது. அவரும் அவளோடு சேர்ந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“எச்செம்மு அம்மா கூப்ட்டாங்க, போன வாரம். ராஜமாணிக்கம், சனிக்கெழம மேட்ச்சுல ஒரு ரன்னு, ஒரே ஒரு ரன்னு வரலன்னா டீமக் கலைச்சிடுவேன், மட்டையெல்லாம் வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிடும்னாங்க. நான் வூட்டுக்கு வந்து சொன்னேன். ரேணு தட்ட நவுத்தி வெச்சிட்டு எழுந்து போயிட்டா. அந்த மட்டைய அவ தலமாட்டுல வெச்சிக்கினு தூங்கறவம்மா. அவளுக்குப் படிப்பு சுமாரு. பள்ளிக்கூடம் போறதே அந்த சாயங்காலத்துக்குத்தான். டீமு போச்சின்னா, போதும் வூட்ல இருன்னு சரசு சொல்லிடுவா. அதுவும் அவளுக்குத் தெரியும்.

“அப்பறம் வியாழக்கெழம வந்து நிக்கறா எம் முன்னாடி. எட்டு நாள் பேசாதவ பேசறா. அப்பா, எந்தப் பக்கம் ஓடணும்னு எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒன் மூஞ்சியப் பாத்தா காலு அந்தப் பக்கம் போவ மாட்டேங்குதுப்பா. நீ மைதானத்தப் பாக்காதன்னா. கற்பூரத்த ஏத்தி முன்னால வெச்சிட்டா. நான் கைய அடிச்சி அணைச்சிட்டேன். பாக்க மாட்டேன்னு சத்தியம். வர மாட்டேன்னு சத்தியம் பண்ணல. அதான்...”

அவ்வளவு பேசியவர் நிறுத்தியதும் நிழற்குடைக்குள் வெயில் கூடிவிட்டது போல் இருந்தது. விசிலை எடுத்து வாயில் வைத்தார், ஊதாமல் மறுபடி தொங்கவிட்டார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். மட்டையில் பந்து பட்ட சத்தம். மண்டி வரைக்கும் கேட்டிருக்கும். பந்து மதிலைத் தாண்டி, ரோட்டில் ஒரு முறை குதித்து, நிழற்குடைத் தூணில் மோதி அவருடைய காலடியில் வந்து நின்றது.

ராஜமாணிக்கம் பந்தையே பார்த்தார். “ரேணுதான்,” என்றார். “இது ரேணு அடிதான். மதிலத் தாண்டியாச்சி. இனிமே யாரும் அவுட்டாக்க முடியாது. ஓடி முடிச்சாப் போதும். சரியான பக்கம்... இல்லம்மா, அவங்க சொல்ற பக்கம். எந்தப் பக்கம் ஓடறா? வேணாம்! சொல்லாத. சொன்னா பாத்த மாதிரி. ...ஓடறாளா?”

அவள் எழுந்தே நின்றுவிட்டாள். மட்டையைக் கீழே போட்ட பெண் மூன்றாவது சாக்கை நோக்கி நாலு எட்டு ஓடியிருந்தாள். மற்ற எட்டுப் பேரும் கீச்சென்று கத்தினார்கள். ஓடியவள் நின்றாள். மதிலுக்கு இந்தப் பக்கம், நிழற்குடையில் தெரிந்த வெள்ளைப் பனியன் முதுகை ஒரு நொடி பார்த்தாள். அந்த முதுகு அசையவில்லை. அது விறைத்துப்போய், இரண்டு தோளும் காதைத் தொடும்படி உயர்ந்திருந்தது. பெண் திரும்பினாள். வந்த வழியே ஓடிவந்து, புறப்பட்ட இடத்தைத் தாண்டி, முதல் சாக்குக்குப் பறந்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கால் வழுக்கி விழுந்தாள், எழுந்தாள். கடைசிச் சாக்கில் இரண்டு காலாலும் குதித்தாள்.

கீச்சுக் குரல்கள் வானத்துக்குப் போயின.

ராஜமாணிக்கம் மைதானத்தைப் பார்க்கவில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்தார். அதில் எல்லாம் இருந்தது.

“வந்துட்டாளா? ...எடமா? முழுசா எடமாவே சுத்திட்டாளா?” அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது, எதை முதலில் துடைப்பது என்று தெரியாமல் பந்தை வைத்தே முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான்தாம்மா. அம்பயரு இல்ல, யாரும் இல்ல. மூணு மேட்ச்சையும் உக்காந்து தோக்கடிச்சது நான்தான். எனக்கும் தெரியும். ஆனா அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா... எடமா ஒரு சுத்து சுத்திட்டாளே, அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?”

கேள்வியைக் கேட்டவருக்கே பதிலும் கிடைத்துவிட்டது. டயர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, நிழற்குடையை வலமாகச் சுற்றி ஓட ஆரம்பித்தார்.

“கழிச்சிடறேன்!” என்று பின்பக்கத்திலிருந்து குரல் கேட்டது. “அவ சுத்தினத நான் கழிச்சிடறேன்! ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போயிடும்!”

அவர் முக்கால் சுற்று முடிப்பதற்குள் கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து நிழற்குடையை ஒட்டி நின்றது. இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் வழியை அடைத்துக்கொண்டார்கள். அவள் எப்படியோ ஏறி, மைதானம் தெரிகிற பக்கமாக ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

“யோவ், ஏறுறியா இல்லியா?” என்றார் கண்டக்டர்.

“ஏறல! பாதியில நிக்கக் கூடாது! சரி வுடு, பஸ்ஸையும் சேத்தே சுத்திடறேன்!”

பஸ்ஸின் மூக்கைச் சுற்றிக்கொண்டு அவர் இந்தப் பக்கம் வந்தார். மைதானம் இப்போது அவருடைய இடது கைப் பக்கம். இடது கண்ணை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் தரையைப் பார்த்தபடி ஓடிவந்தார். டிரைவர் ஹாரன் மேல் ஹாரன் அடித்தார். மதில்மேல் செய்யாற்றுப் பெண் ஒருத்தி ஏறி நின்று, “சார், பந்து! சார், பந்து சார்!” என்று கத்தினாள். அந்தப் பக்கமே திரும்பாமல் பந்தைத் தோளுக்கு மேலாக வீசினார். மைதானத்தில் ஆட்டம் மறுபடி தொடங்கியது. மட்டையோடு நின்ற ஒல்லிப் பெண் பந்து வருவதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டே அடித்தாள். பந்து எங்கோ வேப்பமரத்துக்குப் பின்னால் போய் விழுந்தது. அவளும் முதல் சாக்கை நோக்கியே ஓடினாள்.

மூச்சு இரைக்க, ராஜமாணிக்கம் ஒரு சுற்றை முடித்து ஜன்னலுக்குக் கீழே இரண்டாம் முறையாக வந்தபோது, அன்று முழுவதும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத அந்தப் பெண் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, இரண்டு விரலைக் காட்டினாள்.

“ரெண்டா!” என்றார் அவர். “அய்யய்யோ... டிரைவரே, இன்னும் ஒரே ஒரு சுத்துய்யா!”