இடப்பக்கத்துக் கட்டை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு கதை சொல்கிறேன். சின்னக் கதைதான், தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

நானும் என் தங்கையும் இரும்புத் தகடு வெட்டும் லேசர் எந்திரம் செய்கிற பட்டறையில் இருந்தோம். இரட்டைப் பிறவிகள், ஒரே அச்சு, ஒரே படிப்பு. முதலாளிக்கு யார் யாரென்றே தெரியாது. சிரிக்கிறவள் யாரென்று மட்டும் தெரியும். அது தங்கை. அவளைத் தலைவியாக்கினார்.

வேறு வேறு நிற ஒளிக்கற்றைகளை ஒன்றாக்குவது எளிது. ஒன்றை உள்ளே விட்டு மற்றதைத் திருப்பும் கண்ணாடி போதும். ஒரே நிறமென்றால் கண்ணாடிக்குப் பேதம் தெரியாது. இரண்டும் அலைக்கு அலை ஒத்து நடந்தால் மொத்த ஒளியும் வலப்பக்கம் வரும். துளி பிசகினால் இடப்பக்கம் பாயும். அதை விழுங்க அங்கே ஒரு கறுப்புக் கட்டை வைத்திருப்போம். எங்கள் ஒளியோ கண்ணுக்கே தெரியாத நிறம். அதனால் ஒரு வழக்கம்: அந்தப் பக்கம் குனிவதற்கு முன் கட்டை இருக்கிறதா என்று ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தங்கை காப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் குனிவாள். மூக்கில் தடம் விழுகிறதாம், மகாராணிக்கு.

அன்று எந்திரம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். கற்றைகளை ஒன்றாக்கும் வழி நான் கண்டது. அவள் என் தோளில் கை போட்டு, "நான் பாட்டு, அக்கா பின்பாட்டு. இல்லக்கா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் போனதும் கட்டையைத் துடைக்க எடுத்தேன். தூசி எனக்கு ஆகாது. துடைத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

"கட்டை இருக்காக்கா?"

"இருக்கு, குனி."

"நீ சொன்னா சரிதான். உனக்குத்தான் கழுகுக் கண்ணாச்சே."

அலைகளை ஒத்து நடக்கவைக்கும் திருகாணியை ஒரு துளி நகர்த்தினேன்.

"அக்கா, என்னமோ டப்புன்னுச்சு. நடுவுல கறுப்பா நிக்குதுக்கா."

விசாரித்தவர்கள் கண்ணாடி போடாதது அவள் தவறு என்றார்கள். படித்தவர்கள் சொன்னால் நான் மறுக்கலாமா?

வலக்கண் போய்விட்டது. இடக்கண் இருக்கிறது, நான் கல்நெஞ்சக்காரி என்றால் அதை விட்டுவைத்திருப்பேனா? இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அந்தக் கண்ணுக்கு மருந்து விட வேறு யாரையும் அண்டவிடமாட்டாள். அண்ணாந்து படுத்துக்கொண்டு, "சரியான மருந்துதானேக்கா?" என்பாள்.

"ஆமாண்டி" என்பேன்.

உங்கள் வீட்டிலும் கூடப்பிறந்தவர்கள் எங்களைப் போலவே ஒற்றுமையாக இருக்கட்டும், கண்ணுகளா.