கடைசியில் வைத்த வரி

எங்கள் வீட்டுக் கதவுக் கீல்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் நான்தான் ஆலிவ் எண்ணெய் விடுவேன். கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. நான் சண்டைக்காரன் இல்லை ஐயா, அமைதியை விரும்புகிறவன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்ஃபாக்ஸ் நகரில் எங்கள் கம்பெனி, குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டர் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுகிறது. எழுதுகிறவர்கள் பதினெட்டுப் பேர். எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்ல எல்லோருக்கும் பொதுவாக ஒரு கட்டளைக் கோப்பு உண்டு. அதில் ஒரு வரி போட்டால் பதினெட்டுப் பேர் வேலையிலும் அது ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டு வருடமாக அந்தக் கோப்பு என் பொறுப்பு. வேறு யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சுவருக்குள் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று யார் பார்க்கிறார்கள்?

போன வருடம் ராவ்தா வந்தாள். கெட்டிக்காரி. வந்த மாதமே மேலிடத்தில் பேசி, கம்பைலர் சின்ன எச்சரிக்கை கொடுத்தாலும் வேலை நிற்க வேண்டும் என்று அந்தக் கோப்பில் எழுத வைத்தாள். வாசலருகே ஒரு விளக்கு இருக்கிறது. எல்லாம் ஓடி முடிந்தால் பச்சை, நின்றால் சிவப்பு. பச்சை எரியாமல் யாரும் கிளம்பக் கூடாது. அந்த நேரம் பார்த்து ரமலான் பிறந்தது.

"அண்ணே, நாக்கு வறண்டு கெடக்கு. இது வேற நானூத்திப் பன்னெண்டு வார்னிங்னு கத்துது," என்றான் பதினெட்டுப் பேரில் ஒருவனான ஸுஹைர்.

"அது நீங்க எழுதினதப் பார்த்துக் கத்துது. உங்க நோன்பப் பார்த்து இல்ல," என்றாள் ராவ்தா.

"தாயே, என் மாமியாரே எங்கிட்ட இத்தனை குறை கண்டுபிடிச்சதில்ல."

"பாவம், அவங்களுக்கு நீங்க எழுதினதப் படிக்கத் தெரியாதே."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் மூன்று மணிக்கு விட வேண்டிய ஆபீஸ் ஐந்தரைக்குத்தான் விட்டது. மறுநாள் நான் ஒரு வரி சேர்த்தேன். எச்சரிக்கைகளைக் காட்டாதே என்று. பச்சை எரிந்தது. ஸுஹைர் வீட்டிலிருந்து ஒரு தட்டு மக்ரூத் இனிப்பு வந்தது.

ராவ்தா கோபித்துக்கொள்ளவில்லை. என்னை எப்போதும் மரியாதையாக "ஸீ" போட்டுத்தான் கூப்பிடுவாள். "மத்தவங்களுக்கு என்னமோ பண்ணிக்குங்க, ஸீ ஷெத்லி. என் புரோகிராமுக்கு எல்லாம் காட்டணும். நானே என் பங்குல எல்லாத்தையும் காட்டுன்னு ஒரு வரி போட்டுக்கிட்டேன்," என்றாள்.

அவள் ஒருத்தியின் எச்சரிக்கை போதும், விளக்கு சிவப்பாக. இரண்டு நாள் அப்படியே ஆனது. கம்பைலருக்கு ஒன்றுக்கொன்று முரணாக இரண்டு கட்டளை வந்தால் கடைசியில் வந்ததைத்தான் கேட்கும். ஆகையால் என் வரியை அவள் வரிக்குப் பின்னால் வந்து விழும்படி நகர்த்தினேன். அவள் எழுதியதை நான் அழிக்கவில்லை. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, போய்ப் பாருங்கள். அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொன்னால் வாக்குவாதம் வரும்.

பிறகு ஆபீஸ் எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா?

சம்பவம் உங்களுக்குத் தெரியும். குழந்தையின் தோலில் ஒட்டியிருந்த வெப்பமானி கழன்று விழுந்தது. பெட்டி குளிர்கிறது என்று நினைத்து ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தது. முந்நூறு வினாடி தொடர்ந்து எரிந்தால் அதை அணைக்க வேண்டும் என்று ராவ்தா எழுதியிருந்தாள். ஆனால் வினாடிகளை எண்ண அவள் கொடுத்த இடம் சின்னது. இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் கொள்ளாது. அது வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. முந்நூறு வரவே இல்லை. சூடு தாங்காமல் குழந்தை போய்விட்டது. பிறந்து ஆறு நாள்.

அசட்டையாக எழுதினாள் என்று அவளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பதினொரு நாளாகிறது. என் புரோகிராமில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்கிறாளாம். நம்புங்கள் ஐயா. அவள் கண்ணில் எதுவும் படவில்லை.

என் கண்ணிலும் படாமல் இருக்குமா என்று கேட்கிறீர்கள். கோப்பைப் பார்த்துக்கொள்கிறவன் இல்லையா? என் கணினியில் மட்டும் எச்சரிக்கையை மறைக்கும் அந்த வரியைப் போட்டுக்கொள்ளவில்லை. ராவ்தாவின் புரோகிராமில் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி, இந்த நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது என்று கம்பைலர் சொன்னது. நோன்பு முடிந்ததிலிருந்து நான்கு மாதம், தினமும் காலையில், காபியோடு அதைப் பார்த்தேன்.

பெட்டிகள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்றும் பார்த்தேன். அப்போது ராவ்தா என் மேசைக்கு வந்து நின்றாள்.

"ஸீ ஷெத்லி, ஒரே ஒரு வார்னிங்கூட வரல. பயமா இருக்கு. அனுப்பிடலாமா?"

"உன் திரையில ஒண்ணும் வரல இல்ல தங்கச்சி? அப்புறம் என்ன, சந்தோஷமா வீட்டுக்குப் போ," என்றேன்.

அவள் கேட்டது அவளுடைய திரையைப் பற்றி. அதற்கு நான் பொய் சொல்லவில்லை.