வெளுத்த ஆப்பிள்கள்

நல்ல சிவப்பு அரைக்கப் பொறுமை வேண்டும், நீதிபதி ஐயா. மஞ்சிட்டி வேர்ச் சாயத்தை எண்ணெய் விட்டு மூன்று நாள் அரைத்தால்தான் வெயிலுக்கு நிற்கும். தெற்கு பிரான்சில், இந்த எக்ஸ் நகரில் முப்பது வருடமாக வண்ணக்கடை வைத்திருக்கிறேன். என் சரக்கைக் குறை சொன்னவர் கிடையாது.

ஃபிர்மன் ரூஸ்தானும் நானும் ஒரே ஓவியப் பள்ளி. முதல் பரிசு எனக்கு. அவனுக்கு ஒரு மேசையை நேராக வரைய வராது. கிண்ணம் கோணும், ஆப்பிள்கள் இதோ உருளப்போகிறோம் என்று நிற்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள்; இவனோ கோணலையே ஆட்டம் என்றான், பாரிஸ் கைதட்டியது. இளம் ஓவியர்கள் ரயிலேறி வந்து என் கடையில்தான் அவன் வீட்டுக்கு வழி கேட்பார்கள். "எங்களுக்கெல்லாம் அப்பன் அவருதாங்க" என்றான் ஒருவன். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கவில்லை.

நான் செய்தது சின்ன விஷயம். அவனுக்கு மட்டும் மஞ்சிட்டிக்குப் பதில் மலிவான துணிச்சாயத்தை அரைத்துக் குழாயில் அடைத்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இது இரண்டு மாத வெயிலில் வெளுத்துவிடும். வேறொருவன் அதற்குள் படத்தை முடித்து விற்றிருப்பான். ஃபிர்மன் ஒரே படத்தை இரண்டு வருடம் வைத்துத் தடவுகிறவன். ஆப்பிள் அழுகிப் போகும், படம் முடியாது. அதனால் வெளுப்பு அவன் கண்முன்னாலேயே நடந்தது.

ஒருநாள் படத்தோடு வந்தான்.

"ஒனோரா, ரெண்டு மாசம் முந்தி வச்ச சிவப்பக் காணலடா. படம் கெட்டுச்சா, என் கண்ணு கெட்டுச்சா?"

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். "சிவப்பு ரத்தமாட்டம் இருக்கே. வயசாகுதில்ல, வைத்தியர்கிட்ட கண்ணக் காட்டு" என்றேன்.

கண்ணில் குறையில்லை என்றார் வைத்தியர். அவன் அவரை நம்பவில்லை. என்னைத்தான் நம்பினான், பள்ளித் தோழன் அல்லவா. இன்னும் ஒன்பது முறை வந்தான். ஒன்பது முறையும் அதையே சொன்னேன், குரலை உயர்த்தாமல். மார்ச் மாதம் கல்குவாரி விளிம்பிலிருந்து குதித்தான். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இப்போது அந்தப் படங்கள் பாரிஸில் இருக்கின்றன. வெளுத்த ஆப்பிள்களுக்கு முன்னால் இளம் ஓவியர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார்களாம். "பழத்த வரையாமலே பழத்தக் காட்டிட்டாரு மனுஷன்" என்கிறார்களாம். அவர்களும் அங்கங்கே வெறுமையாக விட்டு வரைகிறார்கள். புது ஓவியமே அதிலிருந்துதான் பிறந்தது என்று பத்திரிகையில் படித்தேன்.

அதனால்தான், யாரும் சந்தேகப்படாதபோது நானாக உங்களிடம் வந்தேன். ஃபிர்மனைக் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். அந்த வெண்மையைச் செய்ததும் இந்தக் கைதான் என்று பாரிஸுக்கு எழுதிவிடுங்கள், ஐயா. அவனுக்கு அது வந்திருக்காது.