அரை நூல் சரிவு

அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும் இன்ஸ்பெக்டர் ஐயா, இதில் உட்காருங்கள். ஊருக்கெல்லாம் செய்துகொடுக்கிறேன், என் வீட்டு நாற்காலிக் காலை முடுக்க எனக்கு நேரம் வாய்க்கவில்லை. நீங்கள் கொண்டுவந்த விபத்து அறிக்கையை முழுதாகப் படித்துவிட்டேன். அதில் ஒரே ஒரு வரியில்தான் எனக்கு மனத்தாங்கல். 'தரக்குறைவான பட்டறை வேலை' என்று எழுதியிருக்கிறார்கள். முப்பத்தொரு வருஷமாக லேத் முன்னால் நிற்கிறேன். என் கையால் செய்த எதுவும் தானாகக் கழன்று விழுந்ததில்லை. அந்த பைக் பெட்டியும் தானாக விழவில்லை. அதைத் திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும் என்றுதான் பேசுகிறேன்.

முதலில் என் தங்கை. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு ஆறு வயது, எனக்கு இருபது. இப்போது அவளுக்கு முப்பத்தாறு வயதாகிறது, இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். அவளுக்காகச் சடை பின்னக் கற்றுக்கொண்டேன். எனக்கு வந்த சம்பந்தங்களையெல்லாம் நானே தட்டிக்கழித்தேன். வருகிறவள் பாப்பாவை எப்படி வைத்துக்கொள்வாளோ என்ற பயம்தான். இதையெல்லாம் நான் சொல்லிக்காட்டியதே இல்லை. அவளிடம் மட்டும் எப்போதாவது சொல்லியிருப்பேன்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நில அளவைத் துறையில் வேலை. கல்யாணமாகி ஐந்து வருஷமாக இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார்கள். நாள் தவறாமல் சாயங்காலம் பாப்பா இங்கே ஒரு எட்டு வந்துவிட்டுப் போவாள். அவர்களுடைய ஒரே பைத்தியம் அந்தப் பெரிய பைக். நாலு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். பின் இருக்கைக்குப் பின்னால் ஒரு பெரிய பெட்டி, அதன் முகப்பில் மெத்தை வைத்த சாய்மானம். பாப்பா அதில் சாய்ந்துகொண்டு, சாமான் தூக்கி வருவதற்கும் முதுகுக்கும் சேர்த்து ஒரே வேலைக்காரன் என்பாள்.

அவர்கள் வீட்டு நடை குறுகல். பெட்டியோடு பைக் உள்ளே போகாது. ஒவ்வொரு முறையும் ஸ்பேனரை எடுத்து நாலு போல்ட்டையும் கழற்ற வேண்டும். ஒருநாள் மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தார், பாப்பாவும் கூட வந்திருந்தாள்.

"மச்சான், நாலு போல்ட்டையும் கழட்டி முடிக்கறதுக்குள்ள உங்க தங்கச்சி ரெண்டு தடவை கோவிச்சுக்கிட்டு சமாதானமும் ஆயிடறா. ஒரே நிமிஷத்துல கழட்டற மாதிரி ஏதாவது பண்ணிக் கொடுங்களேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் பாப்பா சொன்னாள்: "அண்ணா, இவருக்கு மாத்தல் வந்திருக்கு. மலைக்கு அந்தப் பக்கம். அங்கேயே இருந்துடலாம்னு வீடும் பார்த்துட்டோம்."

நான் சந்தோஷம் என்று சொன்னேன். பிறகு பைக்கின் பின்பக்கத்தை அளவெடுத்தேன். பெட்டி எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே, அதனால் பாப்பாவின் எடையையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. முன்னால் இரண்டு கொக்கிகள் ஒரு கம்பியில் மாட்டிக்கொள்ளும். பின்னால் ஒரு லிவர். அழுத்தினால் அதன் பல் இறங்கி 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். நான் முதலில் செய்தது குறையே இல்லாதது. பாப்பாவின் எடைக்கு மணல் மூட்டை கட்டிச் சாய்த்து, மோட்டாரோடு பிணைத்து ஒரு நாள் முழுக்க அதிர விட்டேன். மயிரிழைகூட அசையவில்லை. அது இந்த மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். இதைச் செய்யத் தெரிந்தவனைத்தான் தரக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு இரண்டாவது ஒன்று செய்தேன். பார்வைக்கு அதே போலத்தான் இருக்கும். பூட்டினால் சத்தம் வரும், கையால் இழுத்தால் வராது. லிவரின் பல்லில் மட்டும் அரத்தால் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, சரிவு கொடுத்தேன். முன் கொக்கிகளையும் கொஞ்சம் குட்டையாக்கினேன். ஒரு முதுகு சாய்ந்துகொண்டே இருந்து, வண்டியும் அதிர்ந்துகொண்டே இருந்தால், பல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். அதையும் மோட்டாரில் கட்டிப் பார்த்தேன். ஐந்து முறை பார்த்தேன், ஐந்து முறையும் ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் கழன்றது. மூன்றரை மணி நேரத்தில் அவர்கள் மலை ஏற ஆரம்பித்திருப்பார்கள். அங்கே எவ்வளவு வேகம் போகலாம் என்று மாப்பிள்ளையிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டிருந்தேன். ஏற்றத்தில் நடக்கிற வேகம்தான் என்றிருந்தார்.

ஆக, அவளுக்கு இடுப்பு எலும்போ கால் எலும்போ முறியும். ஆறு மாதமோ எட்டு மாதமோ படுக்கை. அவர் போய் வேலையில் சேர்ந்தாக வேண்டும். அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள். அதற்குள் அவளுக்கே தெரிந்துவிடும், தன் இடம் எது என்று. தலைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நல்ல கனமான ஹெல்மெட்டாகப் பார்த்து நானே வாங்கிக் கொடுத்தேன். கெட்ட எண்ணம் உள்ளவன் ஹெல்மெட் வாங்கித் தருவானா.

காலை ஏழு மணிக்குப் புது ஊருக்குக் கிளம்பினார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வந்து, இந்த உள் அறையை ஒழித்துப் பெருக்கி, மெத்தைக்குப் புது விரிப்புப் போட்டேன். பத்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்தே முக்காலுக்கு மணி அடித்தது.

ஒரு லாரியைத் தாண்டுவதற்காக மாப்பிள்ளை வேகத்தைக் கூட்டியிருக்கிறார். பெட்டியோடு பின்னால் சாய்ந்தவள் ஓரத்துக் கல்லில் போய் விழுந்திருக்கிறாள். அந்த வேகம் என் கணக்கில் இல்லாதது. அதற்கு அவர்தான் பொறுப்பு. கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"லிவரைச் சரியா அழுத்திப் பூட்டியிருந்துச்சா, மாப்பிள்ளை?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாப்பாவை இங்கே அழைத்துவருகிறேன் என்றபோதும் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு வாசல்வரை பல தடவை வந்திருக்கிறார். அவரைப் பார்த்தால் பாப்பாவின் மனசு கலங்கும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். அவரும் மறுத்துப் பேசுவதில்லை. ஆள் பாதியாகிவிட்டார், பாவம்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பாப்பா கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னிக்குப் பெட்டியை மாட்டினது நான் அண்ணா. அவர் இல்ல. டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. இழுத்துக்கூடப் பார்த்தேன்."

நான் அவள் வாயைத் துடைத்துவிட்டேன்.

"என் எடையை எதுக்குக் கேட்டே?" என்றாள்.

அவளிடம் நான் பொய் சொன்னதில்லை, அதனால் அடுத்த கரண்டிக் கஞ்சியை ஊட்டினேன். அவரை வரச் சொல் என்றாள். உடம்பு தேறட்டும் என்றேன். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். கை கால்களை நீவிவிட வருகிற நர்ஸிடம் சொல்லியனுப்பித்தான் உங்களை வரவழைத்திருக்கிறாள், எனக்குத் தெரியும். வருத்தமில்லை. படுத்தே கிடப்பவர்களுக்கு ஏதேதோ தோன்றும்.

லிவரை நான்தான் அப்படிச் செய்தேன். தெரிந்து செய்தேன், அளந்து செய்தேன். வேலையில் குறையில்லை. இதை அப்படியே எழுதிக்கொண்டால் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் இல்லாவிட்டால் பாப்பாவுக்கு யார் ஊட்டுவது என்பதற்கும் நீங்கள் ஒரு வழி சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

அவளையும் விசாரிக்க வேண்டுமென்றால் விசாரியுங்கள், கதவை மட்டும் மெதுவாகத் திறங்கள். நர்ஸ் வந்தால் கலகலவென்று பேசிக்கொண்டிருக்கிறாளாம். நான் போகும்போது எப்போதும் தூக்கம்தான். என் செருப்புச் சத்தம் வாசற்படியில் கேட்டால் போதும், கண் மூடிவிடும். ஊட்டும்போது வாயைத் திறப்பாள், கண்ணைத் திறப்பதில்லை. மனசில் நிம்மதி இல்லாதவர்களுக்கு அப்படி ஒரு தூக்கம் வருமா, நீங்களே சொல்லுங்கள்.