அழித்த கடிதம்

தொண்ணூறுகளின் கடைசியில், பாபநாசம் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த இரண்டு பெரியவர்களில் ஒருவர் சொன்னார்:

"மகளோட கம்ப்யூட்டரைப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கப்போறேன் அண்ணாச்சி. உள்ள இருந்ததை எல்லாம் நேத்தே அழிக்கச் சொல்லிட்டேன்."

"அவ எழுதினது எதுவும் இருந்துச்சா வே?"

"சாவுறதுக்கு முந்தின நாள் எழுதின கடிதாசி ஒண்ணு இருக்குன்னு கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்னாரு."

"படிக்காமலா அழிச்சீரு?"

"என்னத்தப் படிக்க? அவ கேட்ட பையனுக்குக் கட்டிக்குடுக்க மாட்டேன்னது நான்தான். மக வயித்துவலி தாங்காம செத்துட்டான்னு ஊர்ல சொல்லியாச்சு. எம் பொண்டாட்டியும் அதைத்தான் நம்புதா."

"கடிதாசி யாருக்குன்னு கடைக்காரர் சொன்னாரா?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் பத்தமடையைத் தாண்டியதும் சொன்னார்.

"அவ அம்மைக்கு."