படம் காட்டும் சுவர்

— நிறுத்து மிலூத்! சுத்தியலைக் கீழ போடு! இன்னொரு அடி அடிச்சே, ஏணியோட சேர்த்து உன்னையும் சாய்ச்சுப்புடுவேன்.

— எனக்கென்ன ஸி புசல்ஹாம்? நான் கொத்தன். உடைன்னா உடைப்பேன், பூசுன்னா பூசுவேன். எதுவானாலும் வீட்டுக்காரம்மாகிட்டப் பேசிக்குங்க.

— எங்க அவ? பத்தூல்! தங்கச்சி பத்தூல்! கொஞ்சம் வெளிய வா!

— ஏன் அண்ணே இப்படிக் கூப்பாடு போடுறீங்க? சவரம் பண்றேன்னு எவன் காதையாவது அறுத்துட்டீங்களா?

— கடையில ஒருத்தன் பாதி மூஞ்சி சோப்போட உக்காந்திருக்கான். டமால் டமால்னு சத்தம் கேட்டுக் கத்தியும் கையுமா ஓடியாந்திருக்கேன். இவன் என்ன பண்றான் உன் சுவர்ல?

— ஜன்னல் வைக்கிறான்.

— ஜன்னலா! இந்தச் சுவர்லயா?

— வேற எதுல? மத்த மூணு பக்கமும் அக்கம்பக்கத்து வீட்டோட ஒட்டிக்கிட்டில்ல நிக்குது.

— கேளு, கேளு. கோவப்படாம கேளு. இன்னைக்கு என்ன கிழமை?

— வெள்ளி.

— நாளைக்குச் சனி. சனிக்கிழமை பொழுது சாஞ்சதும் இந்தச் சதுக்கம் முழுக்கப் பாய் விரிச்சு சனம் உக்காந்து எதைப் பார்க்கப் போகுது? இந்தச் சுவரை! பதினோரு வருஷமா ஊரே படம் பார்க்கிற சுவர் இது. கதாநாயகிக்கு மூக்கு இருக்க வேண்டிய இடத்துல நீ ஜன்னல் வெச்சா எப்படி?

— நல்லதுதானே? மூக்குல காத்து போயிட்டு வரட்டும்.

— யா அல்லா! சிரிக்கிற விஷயமா இது? போன வாரம்தான் நானே ஏணி ஏறி ரெண்டு பூச்சு வெள்ளை அடிச்சேன். முதுகு இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கு. தாஞ்சியர்ல இருந்து பாதி ரயில் காலியாகி இங்கதான் இறங்கப் போகுது. படம் எடுத்த அம்மாவே துனீசியாவுல இருந்து வர்றா. அவகிட்ட நான் என்ன சொல்லுவேன்? உங்க படத்துக்கு நடுவுல எங்க பத்தூல் வீட்டுத் திரைச்சீலை ஆடும், கண்டுக்காதீங்கன்னா?

— திரைச்சீலை இன்னும் தைக்கல. நாளைக்கு ஆடாது.

— பதினஞ்சு நாள் பொறுத்துக்க. விழா முடியட்டும். ஓவியம் வரைய வந்தவங்க, பாட வந்தவங்க, பொம்மையாட்ட வந்தவங்க எல்லாரும் மூட்டை கட்டட்டும். அப்புறம் நானே மிலூத்துக்குக் கல்லு எடுத்துக் குடுக்கிறேன். ஒரு ஜன்னல் என்ன, நாலு வெச்சுக்க.

— பதினஞ்சு நாளா? எங்க வீட்டுக்காரரு மே மாசத்துல இருந்து அந்த மேல் அறையில கிடக்கிறாரு அண்ணே. படகு விளிம்புல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போனதுல இருந்து படி இறங்கல. நாலு சுவரையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டுக் கிடக்கிறாரு. காத்தோட்டம் வேணும்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு.

— என் கடைக் காத்தாடியக் கொண்டாந்து வைக்கிறேன். இப்பவே.

— அதுவா? அதைப் போட்டா இத்தனை வருஷம் வெட்டுன முடியெல்லாம் எழுந்து பறக்கும்.

— சரி, அறைய மாத்தி அவனைக் கீழ படுக்க வை.

— கீழ தையல் மெஷினு, துணி மூட்டை, அடுப்பு, நான். இதுல அவரை எங்க படுக்க வைக்கிறது, அடுப்பு மேலயா?

— லல்லா பத்தூல் அம்மா, ஒரு கல்லு கழண்டுருச்சு. கையில தாங்கிப் பிடிச்சிருக்கேன். எடுக்கவா, திரும்ப வைக்கவா?

— எடு மிலூத்.

— எடுக்காதே மிலூத்!

— எடுத்துட்டேன்.

— டேய் புசல்ஹாம்!

— யாருடா அது... ஹம்மாதியா?

— உன் உச்சந்தலையில நிலா முளைச்சிருக்குடா! மேல இருந்து பார்த்தாத்தான் தெரியுது. ஊருக்கெல்லாம் முடி வெட்டி, உனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வெச்சுக்கலையா?

— உன் கண்ணு மட்டுந்தான்டா தெரியுது. கல்லுக்கு நடுவுல நண்டு மாதிரி எட்டிப் பார்க்கிறே. உக்காந்துட்டியா? எழுந்து உக்காந்துட்டியா?

— பத்தூல் தலகாணிய முட்டுக் குடுத்து நிமித்தி வெச்சா. பொறு, பேசாம இரு. பார்க்கிறேன். யப்பா... வெளிச்சம் எத்தனை வெளிச்சம்! முனைச் சுவர்ல அந்தப் பொண்ணுங்க நீலம் பூசுறாங்களே, அது என்ன, மீனா?

— திமிங்கிலம்.

— வால் தப்பா இருக்கு. வால் படுக்கைவாட்டுல இருக்கணும்னு போய்ச் சொல்லு. அது யாருடா, ஊதாக் கால்சட்டை போட்டுக்கிட்டுக் கிணத்தடியில தலைகீழா நிக்கிறது?

— சர்க்கஸ் வித்தை சொல்லிக் குடுக்க வந்த ஆளு. மீன்காரன் பொண்டாட்டி கூட நேத்து மூணு பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சா.

— அப்படிப் போடு. போன வருஷம் ஒருத்தன் ஒரே கவிதைய ஒண்ணரை மணி நேரம் படிச்சானே, அதுக்கு இவன் தேவலை. புசல்ஹாம், உன்னைத் திட்டணும்னு நினைச்சிருந்தேன். ரெண்டு மாசத்துல ரெண்டே தடவைதான் வந்து எட்டிப் பார்த்தே.

— விழா வேலைடா. குழுவுல எல்லாத்துக்கும் என்னையே ஓட விடுறாங்க. பாய்க்கு நான், ஒலிபெருக்கிக்கு நான், விருந்தாளிய ரயிலடியில கூப்பிடவும் நான்.

— தெரியும், தெரியும். இங்க படுத்துக்கிட்டே உன் குரலைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். கோவம் ஒண்ணும் இல்ல. முன்வரிசையில என் பக்கத்துல நீதானே உக்காருவே. இந்த வருஷம் உனக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கும்.

— வாயை மூடுடா. நீ இல்லாம யாரு நடுப்படத்துல எழுந்து, 'கொன்னது அவன் மச்சான்தான்'னு கத்துறது?

— அதை வேற எவனாவது கத்தட்டும்.

— நான் ஒண்ணு சொல்லலாமா ஸி புசல்ஹாம்? எதுத்தாப்புல இருக்கிற சுவரும் வெள்ளையாத்தானே நிக்குது.

— எது?

— அதோ, உங்க கடைக்கு மேல.

— அது என் வீட்டுச் சுவர் மிலூத்!

— அதைத்தான் சொன்னேன்.

— அது காலிச் சுவர்னு நினைச்சியா? நாளைக்குக் காலையில செனகல்ல இருந்து வந்த கும்பா அம்மா அதுல தூரிகை வைக்கிறா. ஒன்பது வருஷம் காத்திருந்தேன்டா! நம்ம அஸீலா ஊர் முழுக்க சந்து சந்தா ஓவியம். கழுதை கட்டுற கொட்டகைச் சுவர்ல கூட மூணு மயில் இருக்கு. என் சுவருக்கு மட்டும் ஒருத்தர் வரல. இந்த வருஷம் சீட்டுக் குலுக்கினப்ப என் பேரு விழுந்துச்சு. விழுந்த நாள்ல இருந்து கடைக்கு வர்றவன் தலையெல்லாம் பிடிச்சுத் திருப்பி, 'பார், பார், இங்கதான் வரையப் போறாங்க'ன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்.

— போன செவ்வாக்கிழமை என் கழுத்தே சுளுக்கிக்கிச்சு.

— உன்னைக் கேட்டனா மிலூத்?

— விடுங்க அண்ணே. உங்க சுவரை யாரு கேட்டா? ஒன்பது வருஷ ஆசை. படத்தை எப்பவும் போல இதுலயே போடுங்க. ஜன்னல் பாட்டுக்கு ஜன்னல் இருக்கட்டும்.

— அவன் அதுக்குள்ள இருந்து எட்டிப் பார்ப்பானே!

— பார்க்கட்டும். சனம் படத்தையும் பார்க்கும், நடுவுல இவரு தலையையும் பார்க்கும்.

— எனக்குப் படம் தெரியாது புசல்ஹாம், வெளிச்சம் கண்ணுல குத்தும், அவ்வளவுதான். பரவாயில்ல. உங்க மூஞ்சியெல்லாம் தெரியும்ல? நீங்க சிரிச்சா நானும் சிரிச்சுக்கிறேன்.

— என்ன அண்ணே, திரும்பித் திரும்பி உங்க சுவரையே பார்க்கிறீங்க?

— பேசாதே. யோசிக்கிறேன்.

— யோசிங்க. நான் போய்த் தேத்தண்ணி வெக்கிறேன்.

— வேண்டாம், நில்லு. மிலூத், கீழ இறங்கு. அந்தப் பக்கம் போய் என் சுவரை அளந்து பார்.

— எதுக்கு?

— கூலிக்காரனுக்கு என்ன கேள்வி? அளன்னா அள.

— அளக்கிறேன்... பதினாறு, பதினேழு... ஸி புசல்ஹாம்! லல்லா வீட்டுச் சுவரைவிட உங்க சுவர் ரெண்டு முழம் அகலம் ஜாஸ்தி!

— ஜாஸ்தியா? நல்லாப் பார்த்தியா?

— ரெண்டு முழம். ஒரு சாண் உசரமும் கூட.

— அடப்பாவி! பதினோரு வருஷமா சின்னச் சுவர்லயா படம் காட்டிக்கிட்டு இருந்தோம்?

— அப்ப அந்த ஓவியம் அண்ணே? செனகல்காரம்மா வந்து நிப்பாளே.

— கும்பா அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். உன் சுவர்ல வரையட்டும். ஜன்னலைச் சுத்தி.

— எங்க சுவர்லயா? ஐயையோ, எங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? உங்க பேருக்கு விழுந்த சீட்டு.

— நான் சொல்றதைக் கேளு. என் கடை நாற்காலி எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கு? உன் சுவரைத்தானே? என் சுவர்ல வரைஞ்சா என் தலைக்கு மேல இருக்கும். தெருவுல போறவன் வர்றவன் பார்ப்பான், நான் எப்படிப் பார்க்கிறது? இங்க வரைஞ்சா காலையில கடையத் திறந்ததும் என் கண்ணு முன்னாடி நிக்கும். இந்தப் புத்தி இந்த ஒன்பது வருஷமா எனக்கு வரல பாரு.

— நிசமாத்தான் சொல்றியாடா? வருத்தம் இல்லையே?

— கொஞ்சம் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள போயிரும். ஹம்மாதி, படத்துக்கு நடுவுல எவனுக்கும் கேக்காத மாதிரி முணுமுணுக்காதே. ஜன்னல்ல இருந்தே சத்தமாக் கத்து. முன்வரிசையில எனக்குக் கேக்கணும்.

— கொன்னவன் யாருன்னு தெரிஞ்ச உடனே கத்துறேன்.

— சரி, நான் ஓடணும். படக்கருவிய திருப்பி வைக்கச் சொல்லணும், பாயெல்லாம் திசை மாத்திப் போடச் சொல்லணும்... யா அல்லா, கடையில ஒருத்தன் சோப்போட உக்காந்திருக்கான்!

— எழுந்து போயிட்டான் ஸி புசல்ஹாம். பாதி மூஞ்சியோட நடந்து போறதைப் பார்த்தேன்.

— மிலூத், நீ ஜன்னலை முடி. இருட்டுறதுக்குள்ள முடி. சட்டம் நேரா இருக்கணும், கேட்டியா? நாளைக்கு ஊரே திரும்பிப் பார்க்கும்.

— லல்லா, மிச்சக் கல்லை எடுக்கிறதுக்கு முன்னாடி நான் போய் சிமெண்டு கொண்டாந்துடுறேன்.

— போயிட்டு வா. வர்றப்ப புதினா ஒரு கட்டு வாங்கிட்டு வந்துரு.

— பத்தூல், மேல வா. போயிட்டானா புசல்ஹாம்?

— போயிட்டாரு. போற வழியெல்லாம் கையை வீசி வீசித் தனக்குத்தானே பேசிக்கிட்டுப் போறாரு. மூஞ்சியில சிரிப்பு.

— நல்ல மனுஷன். ஒன்பது வருஷ ஆசைய ஒரு நிமிஷத்துல தூக்கிக் குடுத்துட்டான்.

— அதான் இனிமே மாசம் ஒரு தடவை அவர் வீட்டுத் துணியெல்லாம் நான் தைச்சுக் குடுக்கிறதா இருக்கேன். அவருக்கிட்டச் சொல்லாதீங்க, வேண்டாம்னு மறுப்பாரு.

— அது சரி. எனக்கு ஒரு சந்தேகம். டாக்டர் ரொட்டியக் குறைக்கச் சொன்னாரு, உப்பைக் குறைக்கச் சொன்னாரு. காத்தோட்டத்தைப் பத்தி எப்பச் சொன்னாரு?

— சொல்லல.

— கூரைக் கண்ணாடியத் திறந்தாலே காத்து பிச்சுக்கிட்டு வருதே இங்க.

— வருது.

— நீ மிலூத்தை ஒரு மாசம் முன்னாடியே கூப்பிட்டிருக்கலாம். படத்துக்கு முந்தின நாள் பார்த்து...

— ஒரு மாசம் முன்னாடி உடைச்சிருந்தா, ஒரு மாசம் உக்காந்து பேசி, எனக்கு வேற வீடே பார்த்துக் குடுத்திருப்பாரு. முந்தின நாளுன்னா யோசிக்க நேரம் இருக்காது.

— அடி கள்ளி! இத்தனையும் எனக்காகவா செஞ்சே? நான் முன்வரிசைய விட்டுட்டு இங்க கிடக்கிறேனேன்னா?

— பதினோரு வருஷமா நான் எங்க இருந்தேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

— இங்கதான். வீட்டுல.

— இந்தச் சுவருக்குப் பின்னாடி. முதல் வருஷம் வெள்ளை அடிக்காத சுவரு. கூரையில இருந்து போர்வையத் தொங்க விட்டு, கடல் காத்துல பறக்காம ரெண்டு முனையையும் நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் கரண்டு நம்ம வீட்டுல இருந்து போச்சு, ஃபியூஸ் பக்கத்துல ஒரு ஆள் வேணும்னாங்க. அப்புறம் விருந்தாளிக்குத் தேத்தண்ணி. ஒவ்வொரு படமும் எனக்குக் காதுல மனப்பாடம். துறைமுகத்துல ஒருத்தி யாரையோ வழியனுப்பிட்டு அழுவாளே, நீங்கெல்லாம் மூக்கை உறிஞ்சினீங்களே, அவ கறுப்பா சிவப்பான்னு கூட எனக்குத் தெரியாது.

— நீ ஒரு தடவை கூடச் சொல்லலையே பத்தூல்.

— நீங்க வந்து கதை சொல்ற சந்தோஷத்துல இருப்பீங்க. நடுவுல எப்படிச் சொல்றது?

— வா, இப்படி வந்து உக்காரு. இந்த ஓட்டையில ஒரு கண்ணை வெச்சுப் பாரு, எதுத்தாப்புல அவன் சுவர் முழுசாத் தெரியுது.

— தெரியும். போன மாசமே சதுக்கத்துல நின்னு பார்த்து வெச்சுட்டேன். நாளைக்கு நீங்க கொஞ்சம் உள்பக்கமாத் தள்ளிப் படுங்க. ஜன்னலோரம் எனக்கு.